எட்டாவது திருப்பம்

தாரில் எழுதியதைத் தார்
நெடுநாள் வைத்திருப்பதில்லை.
மாநகரசபைத் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவன் நான்,
கழுவுகிறவனுக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு துறைமுக நகரம்.
அதன் தெருக்களில் கார் ஓடும் பந்தயச் சுற்றை
மெழுகுத் தாளில் படியெடுத்து
கொழும்பு வரைபடத்தின் மேல் விரித்தார்
எஞ்சினியர் விமலசூரிய.
கடல் தப்பான பக்கத்தில் வந்தது.
தாளைக் கவிழ்த்துப் போட்டார்.
இப்போது சூதாட்ட மாளிகையின் இடத்தில்
மின்சார சபையின் ட்ரான்ஸ்ஃபோமர்.
சுரங்கப் பாதைக்குப் பதில்
கொம்பனித்தெரு ரயில் பாலத்தின் நிழல்,
எட்டிவைத்தால் பத்து அடி.
"இருட்டு இருட்டுத்தானே" என்றார்
கொடிக்காரர் துவான் ஜுனைதீன்.

எட்டாவது திருப்பம் மட்டும்
தானாக வந்து பொருந்தியது,
பேரை வாவியில் வீதி முட்டித் திரும்பும் அந்த முடக்கில்.

அங்கே பீப்பாய்கள் ஏற்கெனவே நின்றன.
இடம் ஒன்று, வலம் ஒன்று, மறுபடி இடம்.
வாகனங்கள் பாம்பாக நெளியவேண்டுமென்று
பதினேழு வருடம் நிறுத்தி வைத்தவை.
ஹெட்லைட்டை அணை. உள்விளக்கைப் போடு.
கண்ணாடியை இறக்கு. அட்டையை எடு.
மணிக்கு ஐந்து கிலோமீற்றர்.
அதற்கு மேல் போனவர்களைப் பற்றி
எங்கள் வீட்டில்
கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தோம்.

"இதற்குச் சிக்கேன் என்று பெயர்" என்றார் எஞ்சினியர்.
நான் கோழியென்று நினைத்தேன்.
வேகமாக வரும் காரை
வேண்டுமென்றே நெளியவிடும் இடமாம்.
ஓ, என்றேன்.
நாங்கள் சென்றி என்று சொல்லி வந்தோம்.

மணல் மூட்டைகளை ஏற்றிவிட்டு டயர் அடுக்கினோம்.
பீப்பாய்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்தோம்.
ஒன்றில் ஆணியால் கீறிய கோடுகள்,
ஐந்து ஐந்தாக.
லீவுக்கு நாள் எண்ணியிருக்கிறான் எவனோ ஒரு பொடியன்.
நாற்பத்து மூன்றோடு நின்றிருந்தது.
இரண்டு பூச்சுக்கும் மறையவில்லை.
மூன்றாவது பூச்சு நான் அடிக்கவில்லை.

முதல் வருடம், சனி இரவு.
மொட்டைமாடிகளில் சனம், மதில்களில் சனம்,
பூவரச மரத்தில் தொங்கிய பொடியள்.
வெளிநாட்டு ஓட்டிகளின் பெயர்களை
ஒலிபெருக்கியில் உடைத்து உடைத்து வாசித்தார்கள்.
டோர்ச் வெளிச்சத்தில் என் பெயரும்
அப்படித்தான் வாசிக்கப்பட்டது:
அரி. ய. நா. யகம்.

திருப்பத்தில் பவுசரோடு நின்றேன், தீப்பிடித்தால் அடிக்க.
முதல் கார் வந்தது, மஞ்சள்.
பிரேக் பிடித்ததும் பின்விளக்கு சிவந்தது.
என் கை போய்
சட்டைப் பையைத் தொட்டது.
இருபத்திரண்டு சுற்று, பதினான்கு கார்.
எல்லாவற்றுக்கும் தொட்டது.
கடைசியில் அட்டை வியர்வையில் நனைந்து
என் முகம் கொஞ்சம் கலங்கியிருந்தது.

இரண்டாம் வருடம் மழை.
மூன்றாம் வருடம் நீலக் கார் ஒன்று
நாற்பத்து மூன்று கோட்டுப் பீப்பாயைத் தூக்கி
வாவிக்குள் போட்டது.
ஓட்டி இறங்கி வந்து சிரித்தான்.
அந்த முடக்கில் ஒருவன்
வாகனத்தைவிட்டு இறங்கிச் சிரித்ததை
அன்றுதான் பார்த்தேன்.
நான்காம் வருடம் காசு கொடுக்க ஆளில்லை.
பிறகு தொடக்கக் கோட்டில் குழி தோண்டி
முப்பத்தாறு மாடி ஹோட்டல் எழும்பிற்று.
மிச்சப் பீப்பாய்களில் ஒன்று
எங்கள் டிப்போவில், கழிவு எண்ணெய்க்கு.

பந்தயத்துக்கு மறுநாள் விடிய
ரப்பர் தடங்களை நான்தான் கழுவினேன்.
போகவில்லை.
கறுப்பு வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்று,
கையெழுத்துப் பழகிய கொப்பி மாதிரி.
இரண்டு மாரி போனபின் அவையும் இல்லை.
இப்போது அங்கே பகலெல்லாம் நெரிசல்.
பஸ், முச்சக்கரவண்டி, ஸ்கூல் வேன்,
மணிக்கு ஐந்து கிலோமீற்றர்,
எவரும் நிறுத்தாமலே.

முந்தாநாள் நடுச்சாமம் வீதி வெறிச்சென்றிருந்தது.
பவுசர் நிறையத் தண்ணீர்.
சும்மா,
ஒரே ஒரு தரம்,
எட்டாவது திருப்பத்தை நாற்பதில் எடுத்தேன்.
முதுகுக்குப் பின்னால் ஐயாயிரம் லீற்றர்
வாவிப் பக்கம் சாய்ந்து,
யோசித்து,
திரும்பி வந்தது.